புனிதர் வணக்கம்: கல்வெட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், "ரோம மன்னன் மதம் மாறிய பிறகு காணிக்கைக்காகக் குருமார் கட்டிய கதையே புனிதர் வணக்கம்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கட்டுரையாளர் பெரிய படிப்பு படித்தவர் என்று கீழே போட்டிருக்கிறீர்கள். நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன்தான். ஆனாலும் கேட்கிறேன், அந்தக் காலத்துக் கிரேக்கக் கல்லறை எழுத்து ஒன்றையாவது அவர் பார்த்தாரா?

அந்த மன்னன் கான்ஸ்டன்டைனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னா ஊர் மக்கள், எரிக்கப்பட்ட தங்கள் ஆயர் போலிகார்ப்பின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து அடக்கம் செய்து, அவர் உயிர்விட்ட நாளைக் கொண்டாட முடிவு செய்தார்கள். இது தங்களுக்குத் தெரியாததல்ல. சுமார் 190-இல் எபேசு ஆயர் பொலிக்கிராத்தஸ், இயேசுவின் திருத்தூதர் பிலிப்பு ஹியராப்போலிஸில் துயில்கிறார் என்று ரோமுக்கே எழுதினார். இன்று துருக்கியில் பாமுக்கலே என்கிறார்களே, அந்த ஊர்தான். நான் போயிருக்கிறேன். மூச்சு வாங்க மலை ஏறினால் பிலிப்பு பெயரில் எண்கோணக் கோயில் இடிந்து நிற்கிறது. அந்த ஊரில் கிடைத்த கல்லறைக் கல்வெட்டு ஒன்று, 'சிறிய' எவுகேனியோஸ் என்ற தலைமைத் திருத்தொண்டருடையது. புனிதரும் மாட்சிமிக்கவருமான திருத்தூதர் பிலிப்புவின் கோயில் பொறுப்பாளர் என்றே அவரைச் சொல்கிறது. செத்த பிறகும் அந்தப் பணிதான் அவருக்கு அடையாளம்.

கிரேக்க நாட்டுக் கொரிந்தில் கொத்ராத்து என்ற மறைசாட்சியின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவரின், கோயிலைச் சுற்றிக் கல்லறைகள். 'புனித கொத்ராத்தே, உம் அடியானை நினைவுகூரும்' என்கிறது அங்கே கிடைத்த ஒரு கிரேக்க வரி. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என் அம்மாவின் கல்லில், 'புனித அந்தோணியாரே, இவருக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பிள்ளைகள் நாங்கள்தான் வெட்டச் சொன்னோம். எந்தச் சாமியாரும் சொல்லவில்லை, யாரும் காசு கேட்கவில்லை. எங்களைக் காசு பறிகொடுத்த ஏமாளிகள் என்று உங்கள் பத்திரிகை எழுதலாமா?

காசு புரளவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மறைசாட்சிகளின் உடலை விற்கவோ வாங்கவோ கூடாது என்று 386-இல் சட்டமே வந்தது. சரி, 381-இல் வந்த சட்டத்தையும் படியுங்கள். திருத்தூதர் கோயில், மறைசாட்சி கோயில் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் யாரையும் புதைக்கக் கூடாது என்கிறது அது. சனங்கள் புனிதர் பக்கத்தில் படுக்க ஆசைப்படாவிட்டால் அரசு எதற்குத் தடுக்க வேண்டும்? நீசா ஆயர் கிரகோரியார், செபஸ்தேயின் நாற்பது மறைசாட்சிகளின் எலும்புகளுக்கு அருகில்தான் தம் பெற்றோரை அடக்கம் செய்தார். உயிர்த்தெழும் நாளில் அவர்களோடு சேர்ந்து எழ வேண்டும் என்பது அவர் ஆசை.

இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒரு இதழில், இரண்டாம் நூற்றாண்டு ஆயர் அபெர்கியுஸின் கல்லறைக் கல்வெட்டு பாமுக்கலே வெந்நீர் ஊற்றருகே கிடைத்தது என்று அச்சிட்டீர்கள். அது கிடைத்தது ஹியரோப்போலிஸ்; பெயர் ஒத்திருந்தாலும் பிரிகியாவில் உள்ள வேறு ஊர். அங்கே 1883-இல் ராம்சே என்ற ஸ்காட்லாந்து அறிஞர் கண்டெடுத்தார். அபெர்கியுஸின் பழைய வாழ்க்கை வரலாற்று நூலைக் கட்டுக்கதை என்று தள்ளியவர்களுக்கு, அதில் இருந்த அதே வரிகள் கல்லிலேயே கிடைத்தன. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. நிலவறைக் கல்லறைகளைக் கிறிஸ்தவர்களின் ஒளிவிடம் என்று நீங்கள் எழுதியபோதும் எழுதினேன். பாதியை வெட்டிவிட்டு, நன்றி சொன்ன பாதியை மட்டும் போட்டீர்கள். உங்கள் பத்திரிகையைச் சிறு வயதிலிருந்து வாங்கிப் படிப்பவனுக்கு இது வருத்தம் தராதா?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். இடம் இருந்தால், வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள அபெர்கியுஸ் கல்லின் படத்தையும் சரியான ஊர்ப்பெயருடன் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி.