கெமிஸ்ட்ரியா கேமராவா என்று பிள்ளையைக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு தந்தை தன் மகனைப் பற்றி எழுதியிருந்தார். பையன் அடுத்த ஆண்டு படிவம் 4க்குப் போகிறான், அறிவியலில் கெட்டிக்காரன், ஆனால் எந்நேரமும் கேமராவும் கையுமாகத் திரிகிறான், டிசைன் படிக்கணும் என்கிறான், அறிவியலை விட்டுவிடச் சொல்லட்டுமா இல்லை கேமராவைப் பிடுங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். படம் எடுத்துச் சோறு தின்ன முடியுமா என்று சிலர், பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள், பயோலஜியைத் தூக்கிப் போடுங்கள் என்று சிலர். எனக்கு இரண்டு பதிலுமே சரியாகப் படவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டாக வேண்டும் என்று இரு தரப்பும் முதலிலேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தேன். இன்று இதே ஊரில் கல்யாணப் படம் எடுக்கிறேன், கடைகளுக்கு லேபலும் பெயர்ப் பலகையும் வடிவமைத்துத் தருகிறேன், ஈப்போவில் சில நிறுவனங்களுக்கு அவர்களுடைய பொருள்களைப் படம் பிடித்துக் கொடுக்கிறேன். இதற்கா கெமிஸ்ட்ரி படித்தாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆமாம், இதற்கும்தான் படித்தேன். படித்ததை ஒவ்வொரு வேலையிலும் எடுத்துப் பயன்படுத்துகிறேன்.

நம் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலே வரிசையாகக் குழல் விளக்குகள், மேடையில் மஞ்சள் பல்புகள், பக்கக் கதவு வழியாகப் பத்து மணி வெயில். மூன்றும் மூன்று நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5,500 கெல்வின், மஞ்சள் பல்பு 3,000 கெல்வினை ஒட்டி இருக்கும். பழைய குழல் விளக்கோ இந்தக் கணக்குக்குள் ஒழுங்காக அடங்கவே அடங்காது, ஏனென்றால் அதற்குள் இருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையில், தனியாக ஒளியைக் கொட்டுகிறது. மணப்பெண்ணின் கன்னம் படத்தில் பச்சையடித்துப் போவது இதனால்தான். இயற்பியல் படிக்காமலேயே இதையெல்லாம் பழக்கத்தில் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் என்னைவிட நன்றாக எடுப்பவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்தவர், இதுவரை கால் வைக்காத மண்டபத்திலும் தடுமாறாமல் வேலையைத் தொடங்கலாம். ஃப்ளாஷை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்கு, தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தில் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கும் நிலை வராது.

அப்புறம் நம் தோல் நிறம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் ஒளியளவி, எதிரில் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம், விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். அதனால் வெள்ளை வேட்டி படச்சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் படம் இருண்டு, பக்கத்தில் நிற்கும் கறுத்த முகத்தில் கண்ணும் மூக்கும் தெரியாமல் போகும். படச்சுருள் காலத்தில் இது இன்னும் மோசம். கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து படம் கழுவும் கடைகளுக்கு, நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். பின்னாளில் பழுப்பு நிறங்கள் படச்சுருளில் ஒழுங்காக விழத் தொடங்கியதற்குச் சாக்லேட் நிறுவனங்களும் மரத் தளவாடம் செய்கிறவர்களும் கொடுத்த புகார்கள் ஒரு முக்கியக் காரணம். கறுத்த மனிதர்களின் முகம் அதுவரை பொறுத்திருந்தது! இந்த வரலாறும் இதற்குப் பின்னால் இருக்கும் வேதியியலும் தெரிந்தால், நம் பெண்ணின் முகத்தைக் கணினியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வைக்க யாருக்கும் கை வராது என்று நம்புகிறேன். என் கடையில் முகத்தை வெளுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம், வெளிச்சத்தைச் சரியாக வைத்தால் உங்கள் நிறமே எவ்வளவு அழகு என்று எடுத்துக் காட்டி அனுப்புகிறேன்.

வடிவமைப்பிலும் இதே கதைதான். நம் ஊர்க் கடைத்தெருவில் வெயில் பட நிற்கும் பழைய சுவரொட்டிகளைப் பாருங்கள், அநேகமாக எல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சள் மையும் சிவப்புக்கான மையும் முதலில் சிதைந்துபோகின்றன, நீல மைதான் தாக்குப்பிடிக்கும். மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கு லேபல் செய்யச் சொல்லி ஒருவர் வந்தால், சிவப்பு அழகாக இருக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. கடை வாசலில் தொங்கப்போகிறதா, உள்ளே அலமாரியில் இருக்கப்போகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மையைப் பற்றியே பேசுவேன்.

புகைப்படத்தைத் தொடக்கத்தில் வளர்த்தவர்களில் அறிவியல்காரர்கள் எத்தனை பேர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜான் ஹெர்ஷல் வானியலாளர், வேதியியலும் தெரிந்தவர். எடுத்த படம் வெளிச்சத்தில் கெட்டுப்போகாமல் நிலைநிறுத்த ஹைப்போ என்ற உப்பைப் பயன்படுத்தலாம் என்று 1839இல் காட்டியவர் அவர். 1842இல் சயனோடைப் எனப்படும் நீலப்பட முறையையும் அவரே கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாவரவியல் ஆர்வம் கொண்ட அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி, கடற்பாசிகளை அந்த முறையில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கிவிட்டார். ஹெர்ஷல் பூச்சாற்றையும் இலைச்சாற்றையும் தாளில் தடவி வெயிலில் வைத்துப் படம் பதித்துப் பார்த்திருக்கிறார். இதை வீட்டிலேயே செய்யலாம். மஞ்சள்தூளைச் சாராயச்சத்தில், அதாவது ஆல்கஹாலில் கரைத்து, வடிகட்டித் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஒரு இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால் போதும். இலை மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும், மற்ற இடம் வெளுத்துவிடும். பிறகு வெங்காரம் (போரக்ஸ்) கலந்த நீரைத் தடவினால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டியபோது, கெமிஸ்ட்ரி என்றாலே முகத்தைச் சுளிக்கும் ஒரு பெண், இதில் எது ஆசிட் எது ஆல்கலி என்று தானாகவே கேட்டாள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2020 முதல் நம் மலேசியப் பள்ளிகளில் படிவம் 4இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய வேலி இல்லை, தேர்வுப் பாடங்களைச் சேர்த்து எடுக்க வழி இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். சிறிய ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர் போதவில்லை, கால அட்டவணையில் இடிக்கிறது என்று பழைய வேலியையே வேறு பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் எடுக்கும் மாணவர் காட்சிக் கலையையும் படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வில் எழுத முடியுமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் ஒதுக்கிவிடுவார்கள், பத்துப் பெற்றோர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். அதற்கு மேல் படிக்கவும் இடம் இருக்கிறது. பினாங்கில் யுஎஸ்எம், செர்டாங்கில் யுபிஎம், சரவாக்கில் யுனிமாஸ், சைபர்ஜெயாவில் எம்எம்யு என்று இந்தப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் வடிவமைப்பு, காட்சிக் கலை சார்ந்த படிப்புகள் உள்ளன. நுழைவுத் தகுதி படிப்புக்குப் படிப்பு மாறும், அதனால் பிள்ளை பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் படத்தை மட்டும் நம்பினால் முகூர்த்த மாதத்தில் கை நிறையும், ஆடியில் காற்று வாங்கும். எனக்கு ஆடியிலும் வேலை இருப்பதற்குக் காரணம் அறிவியல் படிப்புதான். ஆய்வுக்கூடக் கருவியைப் படம் எடுக்க வேண்டும், மருந்துக் குப்பிக்கு விளக்கப்படம் வரைய வேண்டும் என்று வருகிறவர்கள், சொன்னது புரிகிற ஆளைத் தேடுகிறார்கள். அந்த ஆள் நம் பிள்ளைகளில் ஒருவராக ஏன் இருக்கக்கூடாது? விலை உயர்ந்த கேமராவைக் கடன்பட்டு வாங்கிக் கொடுக்கவும் அவசரம் இல்லை. கையில் இருக்கும் கைப்பேசியும் ஜன்னல் வெளிச்சமும் தொடக்கத்துக்குத் தாராளம்.

கடிதம் எழுதிய அந்த ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் அறிவியலை எடுக்கட்டும், கேமராவையும் அவனிடமே விட்டுவையுங்கள். பள்ளி விடுமுறையில் என் கடைக்கு அனுப்பி வையுங்கள், விளக்குப் பிடிக்க எனக்கும் ஆள் வேண்டும், சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும் தருகிறேன். கைப்பேசி எண்ணை ஆசிரியரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்