விசிபியூ கூட்டச் சொல்லும் அப்ளிகேஷன் டீம்களுக்கு ஒரு திறந்த மடல்

அப்ளிகேஷன் டீம் நண்பர்களுக்கும், அவர்கள் கேட்பதற்கு ஒப்புதல் கொடுக்கும் மேலாளர்களுக்கும், வணக்கம்.

"சர்வர் ஸ்லோ. விசிபியூவை 8-லிருந்து 16 ஆக்கவும். அவசரம்." இப்படி வரும் டிக்கெட்டுகளைப் (கோரிக்கைகளைப்) பற்றித்தான் எழுதுகிறேன். விசிபியூ என்பது ஒரு விஎம்முக்கு, அதாவது நிஜ இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினிக்கு, ஒதுக்கும் மெய்நிகர் ப்ராசஸர். உங்கள் அவசரம் புரிகிறது, பயனர்கள் முதலில் போனில் பிடிப்பது உங்களைத்தான். ஆனால் கேட்டதை அப்படியே செய்து கொடுத்தால் பல நேரம் சர்வர் இன்னும் மந்தமாகிறது.

ஒரு ஹோஸ்டில் (பல விஎம்களைச் சுமக்கும் நிஜ இயந்திரத்தில்) இரண்டு ப்ராசஸர், ஒவ்வொன்றிலும் 16 கோர், ஆக 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடும் விஎம்களுக்குக் கொடுத்த விசிபியூக்களைக் கூட்டிப் பார்த்தால் 100-ஐத் தாண்டும். அதில் தப்பில்லை, எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்று நம்பித்தான் இப்படிப் பங்கிடுகிறோம். சிக்கல் பெரிய விஎம்மில் வருகிறது. 16 விசிபியூவும் வேலை செய்யும்போது அவை ஏறக்குறைய சேர்ந்தே முன்னேற வேண்டும், ஒன்று ரொம்பப் பின்தங்கினால் முந்திப்போனவற்றை ஹைப்பர்வைசர் (ஹோஸ்டை விஎம்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) நிறுத்திவைக்கும். கூட்டமான கல்யாணப் பந்தியில் தனியாளுக்குச் சீக்கிரம் இலை கிடைத்துவிடும், பதினாறு பேர் ஒன்றாக உட்கார வேண்டும் என்றால் நிற்கத்தான் வேண்டும். விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசரில் இந்த நிறுத்தத்தைக் கோ-ஸ்டாப் என்பார்கள், கோர் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் நேரம் சிபியூ ரெடி.

உள்ளே ஓடும் விண்டோஸுக்கு இது எதுவும் தெரியாது. அதனால் டாஸ்க் மேனேஜர் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் எங்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கிறது. மீதிக் கதை விசென்டர் (ஹோஸ்ட்களையும் விஎம்களையும் நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருள்) கிராஃபில் இருக்கிறது: ரியல்-டைம் பார்வையில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடிக்கானது, அதில் ஒரு விசிபியூவின் ரெடி 1000 மில்லிசெகண்ட் என்றால் 5 சதவீத நேரம் சும்மா நின்றிருக்கிறது. 10 சதவீதத்தைத் தொட்டால் பயனருக்கே தெரிய ஆரம்பிக்கும். (ஒரு நாள் கிராஃபில் ஒரு புள்ளி 5 நிமிடத்துக்கானது, அங்கே அதே 1000 ஒன்றுமே இல்லை. இதைக் கவனிக்காமல் மீட்டிங்கில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.)

மாதக் கடைசியில் ஒரு பில்லிங் ரிப்போர்ட் இழுத்துக்கொண்டே போனது. 16 கேட்டார்கள், கொடுத்தோம், இன்னும் மோசமானது, அதே ஹோஸ்டில் இருந்த சம்பந்தமில்லாத சின்ன விஎம்களும் சேர்ந்து திணறின. கடைசியில் 6-க்குக் குறைத்தபோதுதான் ரிப்போர்ட் ஒழுங்காக முடிந்தது, ஏனென்றால் அந்த அப்ளிகேஷன் நான்கு த்ரெட்டுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைக்கு) மேல் பயன்படுத்தவே இல்லை.

மெமரியும் இப்படித்தான். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அதிகபட்ச மெமரி வரம்பை அமைக்காமல் விட்டால் எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும், ஆகவே 95 சதவீதம் நிரம்பியிருப்பதை மட்டும் வைத்துப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் அந்தக் கண நிலையைப் பிடித்துவைப்பது. பேட்ச் போடுவதற்கு முன் எடுக்கச் சொல்கிறீர்கள், சரி, மிக நல்ல பழக்கம். ஆனால் வேலை முடிந்தபின் "இருக்கட்டும், பேக்கப் மாதிரி" என்கிறீர்களே, அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து எழுதப்படுவதெல்லாம் டெல்டா என்ற தனி ஃபைலுக்குப் போகிறது, அது மூல டிஸ்க் அளவுக்கே வளரலாம். மூல டிஸ்க் போய்விட்டால் ஸ்னாப்ஷாட்டும் போய்விடும், அது எப்படிப் பேக்கப் ஆகும்? டேட்டாஸ்டோர் (பல விஎம்களின் டிஸ்க் ஃபைல்கள் இருக்கும் பொதுச் சேமிப்பிடம்) நிரம்பினால் உங்கள் விஎம் மட்டுமல்ல, அங்கே இடம் கேட்கும் மற்ற விஎம்களும் நின்றுவிடும். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. வாரக்கணக்கில் வளர்ந்ததை பிஸியான டேட்டாபேஸ் சர்வரில் நீக்கும்போது விஎம் சில கணங்கள் உறைந்து, கனெக்‌ஷன்கள் அறுந்து, அதற்கும் ஒரு டிக்கெட் வருகிறது.

அடுத்த முறை எழுதும்போது எத்தனை மணிக்கு, எந்தத் திரையில் அல்லது எந்த க்வெரியில், எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சிபியூ ரெடியா, டிஸ்க் லேட்டன்சியா (தாமதமா), மெமரி பலூனிங்கா (ஹோஸ்ட் விஎம்மிடமிருந்து மெமரியைத் திரும்ப வாங்குவதா) என்று ஹோஸ்ட் பக்கத்திலிருந்து நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். நிஜமாகவே விசிபியூ போதவில்லை என்றால் அன்றே கூட்டித் தருவோம்.

மேலாளர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. விசிபியூவைக் கூட்டுவது ஓடும் விஎம்மிலேயே முடியலாம், குறைக்க விஎம்மை அணைத்தே ஆக வேண்டும். தேவைக்கு மேல் வாங்கிவைத்திருக்கும் விஎம்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறோம், அதற்கு டவுன்டைம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டம் அட்மின்களில் ஒருவர்