வெலிமடை சீயாவுக்குச் சேர வேண்டிய தலையணை

போகவத்தலாவையில் நம் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு, கீழ்க்கணக்கு உறவுகள் எல்லோருக்கும்,

அப்பா நேற்று அந்தியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். லயத்து வீட்டுப் படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றார், மூச்சு வாங்கியது. கை கொடுத்தேன், தட்டிவிட்டார். வாசலில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "இங்க மழை பெஞ்சிச்சா?" அதைக் கேட்டதும் அம்மா குசினிக்குள் போய் அழுதாள். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அப்பாவின் இதயம் நின்றுபோனபோது நடந்ததை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள். நான்தான் கொழும்பில் கடையில் நின்றுகொண்டிருந்தேன். 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிட்டவர்கள், கொழுந்து லொறியை ஓரங்கட்டி வழிவிட்டவர்கள், அம்மாவைத் தனியே விடாமல் கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்த அக்கா, ஆடு கோழியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் காம்பிரா, கோயிலில் விளக்கு வைத்தவர்கள், சம்பளத்துக்கு முந்திய வாரத்திலும் சுருட்டிக் கொடுத்த நோட்டுகள். பெயர் பெயராக எழுதினால் யாராவது விடுபடுவார்கள், அது பெரிய பாவம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

நெஞ்சை அமுக்கின தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. "அண்ணே, என்னாலதான் விலா ஒடிஞ்சிருச்சாமே, மன்னிச்சுக்கங்க" என்று மெசேஜ் போட்டிருந்தாய். நாலு விலா. டாக்டரம்மாவிடம் அதைக் காட்டினேன். நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டிய வேலை அது, இந்த வயதில் ஒடிவது சகஜம், விலா ஆறேழு வாரத்தில் பொருந்திவிடும், அந்தப் பிள்ளையை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன். தூங்கு.

அந்த டாக்டரம்மாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள், அப்பா மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம், நான் டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். எல்லாம் ஒரு நம்பரால் வந்தது. சிஆர்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை, உடம்பில் கிருமியோ காயமோ இருந்தால் கூடும் ஒரு புரதத்தின் அளவு. சாதாரணமாக 5, 6-க்குள் இருக்க வேண்டியது முதல் நாள் 18, அடுத்த நாள் 164. பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டில் மார்க் கூடினால் சந்தோஷப்பட்டுப் பழகியவன் நான். கூடக் கூட வயிற்றைக் கலக்கும் மார்க் ஒன்று உண்டென்று அன்றுதான் தெரிந்தது. ராத்திரி முழுக்க வராந்தாவில் போனை நோண்டினேன். பிரான்சில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. இதயம் நின்று மீண்டவர்களுக்கு இரண்டு நாள் கிருமிக்கொல்லி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொடுக்காதவர்களில் 100-க்கு 34 பேருக்கு ஆரம்பத்திலேயே நிமோனியா, கொடுத்தவர்களில் 19 பேருக்கு. "இதை ஏன் எங்கப்பாவுக்குக் கொடுக்கல?" என்று காலையிலேயே போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலில் தொங்கிய டிக்கட்டை, மருந்தெல்லாம் எழுதும் தாளை, திருப்பிக் காட்டினார். நேற்றிலிருந்து அதே மருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. "முழுசா வாசிச்சீங்களா? செத்தவங்க கணக்குல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லைன்னும் அதுல இருக்கே" என்றார். நான் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை.

பிறகு நின்று விளக்கினார், அவருக்குப் பின்னால் எத்தனையோ வேலை காத்திருக்க. இதயம் நின்றபோது உடம்பு முழுக்க ரத்தம் போகாமல் கிடந்தது, திரும்ப ஓடத் தொடங்கியதும் கிருமியே இல்லாவிட்டாலும் கிருமி நுழைந்ததைப் போல உடம்பு போருக்குக் கிளம்பிவிடும். கல்லீரல் இந்த சிஆர்பி புரதத்தைக் கொட்டும், வெள்ளை அணுக்கள் கூடும், காய்ச்சலும் வரும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் ஏற்றத்தை மட்டும் வைத்துக் கிருமி உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், அப்படிக் கொதித்த உடம்பு பிறகு களைத்துப்போகும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். நினைவில்லாமல் கிடந்தபோது எச்சிலும் வயிற்றில் இருந்ததும் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கும், தொண்டையில் குழாய் வேறு. "இறங்கின நம்பர் மறுபடி ஏறுதான்னு பாருங்க. அப்பதான் நானும் பயப்படுவேன்" என்றார்.

அது ஏறவும் செய்தது. குழாயைக் கழற்றி வார்ட்டுக்கு மாற்றியபோது 96. இரண்டு நாளில் 188. எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அப்பா இருமவே இல்லை. இருமினால் ஒடிந்த விலா குத்தும். அந்த வேதனைக்குப் பயந்து, வருகிற இருமலை வாய்க்குள்ளேயே விழுங்கினார். மேல்மூச்சு மட்டும் விட்டார். சளி உள்ளே கிடந்து கறகறவென்றது. மருந்தை மாற்றினார்கள், நெஞ்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் கெஞ்சிப் பார்த்தார், நான் அதட்டிப் பார்த்தேன், அம்மா அழுதாள். ஐம்பது கிலோ கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்த மனிதன், ஓர் இருமலுக்குப் பயந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீயா, சிங்களத்துத் தாத்தா. வெலிமடைப் பக்கம் கிழங்குத் தோட்டக்காரர். மூன்று வருடத்துக்கு முன் பைபாஸ் செய்தவராம், கால் வீங்கி மறுபடி வந்திருந்தார். அதுவரை எங்களோடு பேசியது கிடையாது. நாங்களும் பேசவில்லை. அன்று ராத்திரி பத்து மணி இருக்கும். மெல்ல எழுந்து, கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து அப்பாவிடம் வந்தார். கையில் ஒரு சின்னத் தலையணை. நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி, மூலையில் வேறு துணியால் ஒட்டுப் போட்டது. அப்பாவின் கையைத் தூக்கி, அதை ஒடிந்த பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப்பிடிக்க வைத்தார். தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சு நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் தழும்பைக் காட்டினார். "கொட்டே பதாகென கஹின்ன" என்றார். தலையணையைக் கட்டிக்கொண்டு இருமு.

அப்பா இருமினார். முகம் கோணியது. சீயா தன் இரண்டு கைகளையும் அப்பாவின் கைமேல் வைத்து அமுக்கிக்கொண்டு நின்றார். "தவ பாரக்." இன்னொரு தடவை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு பழுப்பு நிறத்தில் கட்டியாக வந்தது. நான் கிண்ணத்தைப் பிடித்தேன். அவருக்கே மூச்சு வாங்கியது, வீங்கின காலோடு நின்றிருந்தார். கட்டிலில் போய் உட்காரும் வரை தலையணையைத் திரும்பக் கேட்கவில்லை.

நாலு நாள் அப்படி நடந்தது. இரண்டு மணிக்கு ஒரு தடவை, நர்ஸ் மிஸ் வந்து சொல்வதற்கு முன்னாலேயே அவர் "ஹா, கஹின்ன" என்பார். சிஆர்பி 142, 77, 31 என்று இறங்கியது. தலையணைதான் குறைத்தது என்று நான் சொன்னால் டாக்டரம்மா சிரிப்பார். கிருமியைக் கொன்றது மருந்துதான், தெரியும். ஆனால் அந்தச் சளியை வெளியே கொண்டுவந்தது மருந்தில்லை. அந்தத் தலையணை, பைபாஸ் முடிந்த காலத்தில் அவர் மனைவி வீட்டில் தைத்துக் கொடுத்ததாம். அந்த அம்மா இப்போது இல்லை என்று அப்பா பிறகுதான் சொன்னார். எனக்குத் தெரியாமல் இருவரும் ராத்திரியில் என்னென்னவோ பேசியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் நான் வெளியே மருந்து வாங்கப் போய்த் திரும்பும்போது அவர் கட்டிலில் வேறு ஆள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தலையணை அப்பாவின் மடியில் இருந்தது. "குடுத்தேன்டா, வாங்க மாட்டேன்னுட்டாரு" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வெலிமடை பஸ் எடுத்துவிட்டது. போன் நம்பர் வாங்கி வைக்கத் தோன்றாத என் புத்தியை என்ன சொல்ல.

ஒரு வேலையை நான் எடுத்துச் செய்யப்போகிறேன். நெஞ்சமுக்கும் பயிற்சியை நம் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்க ஆள் கேட்டிருக்கிறேன். தம்பிதான் முன்னால் நிற்க வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் சொல்லிவிடுங்கள், இளந்தாரிகள் மட்டுமில்லை, அக்காமாரும் வர வேண்டும்.

இன்னொன்று உங்களிடம் கேட்கிறேன். வெலிமடைக்குக் கிழங்கு ஏற்ற லொறி கொண்டுபோகும் நம் பிள்ளைகள் யாராவது, எழுபதைத் தாண்டிய, நெஞ்சு நடுவே தழும்புள்ள, கொஞ்சம் கால் இழுத்து நடக்கும் ஒரு சீயாவைச் சந்தையில் கண்டால், போகவத்தலாவையில் தலையணை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அம்மா துவைத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். அப்பா இன்னும் இரண்டு வாரத்துக்கு அதை விடமாட்டார்; அதற்குப் பிறகு நானே கொண்டுவந்து தருவேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு வாங்கி வாருங்கள்.