வயல் ஒன்று, மண் மூன்று

ஆசிரியருக்கு,

வைகைத் தண்ணீர் வந்ததும் பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள கால்வாய்ப் பாசன வயல்களில் தொளி உழவு (நடவுக்கான சேற்றுழவு) தொடங்கிவிடும். அதற்குள் பரிசோதனைக்கு மண் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015-ல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்பதுதான் வகுத்த கணக்கு. ஆறு ஏக்கருக்கும் மேல்! ஒரு ஏக்கருக்குள்ளேயே வாமடை (வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய்) ஓரம் ஒரு மண், நடுமேட்டில் ஒரு மண், பள்ளத்தில் ஒரு மண். மூன்றையும் கலந்தால் கிடைக்கும் சராசரி மண் அந்த வயலில் எங்குமே இல்லை.

எந்தத் திட்டு சோடை என்பதை அறுவடையிலேயே பிடித்துவிடலாம். 2 மீட்டருக்கு 2 மீட்டர் கயிறு கட்டி, செழித்த இடத்திலும் நோஞ்சான் இடத்திலும் தனித்தனியாக அறுத்து, தூற்றி, காயவைத்து எடை போடுங்கள். நாலு சதுர மீட்டர் என்பது ஏக்கரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 1,600 கிராம் வந்தால் ஏக்கருக்கு 1,600 கிலோ. வேறு கணக்கே வேண்டாம்.

பிறகு திட்டுவாரியாக மண் எடுங்கள். திட்டுக்கு எட்டுப் பத்து இடத்தில் 'வி' வடிவக் குழி, நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம். வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் ஆகாது. கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோ வைத்தால் போதும். நிழலில் உலர்த்த வேண்டும்.

மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தை நிரப்பிய வயல்களில்தான் கோளாறு அதிகம். மேல்மண் போய் அடிமண் வெளியே கிடக்கும். நட்ட மூன்றாம் வாரம் அங்கே மட்டும் பயிர் குட்டையாக நின்று, இளம் இலையின் நடு நரம்பு அடியில் வெளுத்து, கீழிலையில் துருப்புள்ளி விழும். இது துத்தநாகக் குறை. பலரும் யூரியாவை வீசுகிறார்கள், வீண். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) என்றால் சென்ட்டுக்கு 100 கிராம். பத்து சென்ட் திட்டுக்கு ஒரு கிலோவை இரண்டு கிலோ மணலில் கலந்து, பரம்படித்த (பலகையால் சேற்றைச் சமன் செய்த) பின் நடவுக்கு முன் தூவலாம். டிஏபி உரத்தோடு கலக்கவே கூடாது. அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திட்டுக்குத் தொழுவுரமும் கூடுதலாக வேண்டும்.

பள்ளத்தில் கதை தலைகீழ். நீரோடு உரமும் அங்கே இறங்குவதால் பயிர் கருகருவென வளர்ந்து, கதிர் முற்றும்போது சாயும். நட்ட பிறகு போடும் மேலுரத்தை அங்கே குறைக்க வேண்டும். இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை அங்கே தனியாகப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

மண் பரிசோதனை விண்ணப்பத்தில் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் 'மேடு, பள்ளம், வாமடை' என்று குறிக்க வேளாண்துறை ஒரு கட்டம் ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
நெல் விவசாயி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்