பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன்

சோழவந்தான்,
புரட்டாசி 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே அம்மா நலம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நடவு முடிந்த வயலுக்கெல்லாம் மருந்தடிக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டிரோன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவையாவது ஏறி இறங்குகிறது.

தம்பி டிரோன் வாங்கிவிட்டான் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பழைய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு ஜோடி விலைக்கு வருகிறது, மேலே 25 சி என்று போட்டிருக்கிறது, அதனால் வேகமாகவே சார்ஜ் ஏற்றலாம் என்று அவன் சொல்வதாக எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த 25 சி என்பது பேட்டரியிலிருந்து கரண்ட் எடுப்பதற்கான கணக்கு. ஏற்றுவதற்கு வேறு கணக்கு.

சி என்பது பேட்டரியின் கொள்ளளவை வைத்துச் சொல்வது. அவன் வாங்கப் போவது 16,000 எம்ஏஹெச், அதாவது 16 ஆம்பியர் ஹவர். 1 சி என்றால் 16 ஆம்பியர். 25 சி என்றால் 400 ஆம்பியர். அந்த வேகத்தில் எடுத்தால் இரண்டரை நிமிஷத்தில் பேட்டரி காலி. எந்த டிரோனும் அப்படிப் பறப்பதில்லை. அந்த எண்ணை எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளந்து போடுவதும் இல்லை. நான் அதில் பாதியைத்தான் நம்புவேன்.

உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை வயலிலேயே கண்டுபிடிக்கலாம். என் டிரோனில் இதே அளவு பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறேன். பத்து நிமிஷம் பறந்து இறங்கினால் ஒவ்வொன்றிலும் 80 சதவீதம், அதாவது 12.8 ஆம்பியர் ஹவர் செலவாகியிருக்கும். கணக்குப் போட்டால் சராசரி 77 ஆம்பியர், 5 சி-க்குக் கொஞ்சம் குறைவு. டேங்க் நிறைய மருந்தோடு ஏறும்போதும், எதிர்காற்றில் திரும்பும்போதும் இதைவிடக் கூடும். 15 சி பேட்டரியே இதற்குத் தாராளம்.

ஏற்றுவதற்கு 1 சி போதும், 16 ஆம்பியர். முழுதாக ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். சார்ஜ் 2 சி, 3 சி என்று தனியாகப் போட்டிருந்தால் மட்டும் அவசரத்துக்குக் கூட்டலாம், ஆயுசு குறையும். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள். இறங்குகிற கூட்டம் சட்டென்று இறங்கிவிடும். ஏறுகிறவன் உள்ளே போய் சீட் பிடிக்க நேரம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட் அடுக்குகளுக்குள்ளே போய் உட்கார வேண்டும். நெருக்கித் தள்ளினால் உள்ளே போக முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு ஆகாது. அது ஊசி மாதிரி வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைக் குத்தினால் தீதான்.

போன சித்திரையில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம், காற்று கிளம்பும் முன்னே முடிக்க வேண்டும் என்று, இறங்கிய பேட்டரியைச் சூடு ஆறாமலே ஜெனரேட்டரில் மாட்டி 32 ஆம்பியர் வைத்தேன். அரை மணி நேரத்தில் வேலைக்கு ஆயிற்று. அந்தத் தைரியத்தில் மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் பேட்டரியை மேஜையில் வைத்தால் சமமாக உட்காரவில்லை. அடி பூரி மாதிரி உப்பியிருந்தது, லேசாகத் தள்ளினால் பம்பரமாகச் சுற்றியது. மேலே ஒட்டிய லேபிள் ஓரத்தில் விரிந்திருந்தது. மோந்து பார்த்தால் நெயில்பாலிஷ் மாதிரி ஓர் இனிப்பு வாசம். அன்று இரவு முழுக்க அதை வெளியே மணல் மேல் வைத்துவிட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்தேன். பிள்ளைகள் தூங்குகிற வீடு, மாப்ள.

நம்ம ஊருக்குத்தான் இது இன்னும் முக்கியம். பொதுவாக 45 டிகிரிக்கு மேல் இந்த பேட்டரியைச் சார்ஜ் பண்ணக் கூடாது. சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் காற்றே 40-ஐத் தொடுகிறது. வெயிலில் நிற்கும் வேனுக்குள்ளே கேட்கவே வேண்டாம். இறங்கிய பேட்டரியை வேப்ப மரத்தடியில் ஆற விட்டு, தொட்டால் சூடே தெரியாத பதத்துக்கு வந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அதற்காகவே இரண்டு ஜோடி அதிகம் வைத்திருக்கிறேன்.

வோல்டேஜும் அவனுக்கு மனப்பாடம் ஆகட்டும். ஒரு பேட்டரிக்குள் ஆறு செல் வரிசையாக இருக்கும். செல்லுக்கு 4.2 வோல்ட் முழுசு, அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. பறந்து வந்து ஓய்ந்த பிறகு 3.5-க்குக் கீழே போகக் கூடாது. 3-க்குக் கீழே விட்டால் கெட்டதுதான். ஒரு வாரம் வேலை இல்லையென்றால் 3.8-ல் நிறுத்தி வைக்கட்டும், முழுசாக ஏற்றி அலமாரியில் போடக் கூடாது. எல்லாச் செல்லையும் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் ஒயரை மாட்டாமல் ஒரு நாளும் சார்ஜ் வேண்டாம்.

அப்புறம் அந்தப் பழைய ஜோடி விஷயம். ஒரே கரண்ட்தான் ஆறு செல்லிலும் ஓடும். உள்தடை, அதாவது கரண்டுக்குச் செல்லே கொடுக்கும் தடை, 1.5 மில்லி ஓம் இருக்கும் செல்லில் 77 ஆம்பியருக்கு 9 வாட் சூடு. பக்கத்து செல் 5 மில்லி ஓம் என்றால் அதில் மட்டும் 30 வாட். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே அந்த ஒன்று வெந்துகொண்டிருக்கும். என் சார்ஜர் ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் தனித்தனியே காட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி வருகிறேன். அளந்து பார்க்கிற வரை அந்த ஆளுக்கு அட்வான்ஸ்கூட கொடுக்காதே. தம்பியையும் வீட்டில் இருக்கச் சொல்.

உன்,
மச்சான்