பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலில் வேண்டியது புது ஸ்பிரிங் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை சொன்ன வழி இதுதான்: வண்டியை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை மாட்டுங்கள், ஷாக் அப்சார்பர் கசியாவிட்டால் அப்படியே விடுங்கள், வளைவில் இன்னும் சாய்ந்தால் தடித்த ஆன்டி ரோல் பார் (இட வலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போடுங்கள். சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ் பற்றி ஒரே ஒரு வரி. சக்கரக் கோணங்களைத் திருத்தும் அலைன்மென்ட் பற்றி அதுவும் இல்லை. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டி என்றால் அது வேறு பேச்சு. குழியும் வேகத்தடையும் ஒட்டுப்போட்ட தாரும் உள்ள சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்த வரிசை தலைகீழானது.

இருபது, முப்பது வயதான காரில் ஸ்டீயரிங் மந்தமாகவும் பின்பக்கம் அலைவதாகவும் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரப்பரை. புஷ், ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த தூண்) மேலே பிடிக்கும் மவுண்ட், ஆன்டி ரோல் பார் லிங்க், இவை எல்லாம் சிறுகச் சிறுக இறுகி, வெடித்து, பிடி விட்டிருக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமலே போகும். அந்த நிலையில் கடினமான ஸ்பிரிங் போடுவது, கீல் தளர்ந்த கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டுவதைப் போலத்தான். சொல்லப்போனால் நிலைமை இன்னும் கெடும். ஸ்பிரிங் வாங்காத இடியெல்லாம் தளர்ந்த ஜாயின்ட்களுக்குப் போகும்.

எனவே எதையும் வாங்கும் முன் வண்டியை ஆக்சில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பியரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது இருந்தால் டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) எண்ட் அல்லது ஸ்டீயரிங் ரேக். சக்கரத்தைத் தாங்கும் கையான ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே கடப்பாரை போன்ற லீவரை நுழைத்து நெம்பினால் புஷ்ஷின் நிலை கண்ணுக்கே தெரியும். ஸ்ட்ரட் உள்ள வண்டியில் வேறு ஒரு சோதனையும் உண்டு. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் சக்கர வளைவுக்குள் கைவிட்டு, இரு சுற்றுகளுக்கு இடையே விரல் போகாதபடி ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல், முறுக்கேறி நின்று 'டங்' என்று குதித்தால் மேல் மவுண்டிலுள்ள பியரிங் இறுகிவிட்டது. எந்த விலை ஸ்பிரிங் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது.

டயரின் பக்கவாட்டில் தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3514 என்றால் 2014-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனை எடைபோடுவது வீண். ஸ்பிரிங் அமரும் தட்டையும் ஷாக்கின் மேல்முனை பொருந்தும் ஷாக் டவரின் வெல்டிங் ஓரங்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அங்கே துரு அரித்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்து வெல்டிங்கைப் பார்க்க வேண்டும். கழற்றும் முன், நான்கு பக்கமும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு எண்கள் இல்லாமல் பின்னால் வரும் எந்த வேலையும் சரியாக முடியாது.

அந்த எண்கள் முதலில் தேவைப்படும் இடம் புஷ். பட்டறைகளில் அதிகம் தவறுவதும் இங்கேதான். ரப்பர் புஷ்ஷில் சுழலும் பாகம் என்று எதுவும் கிடையாது. உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது, வெளிக் குழாய் ஆர்மில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது, நடுவிலுள்ள ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான் ஆர்ம் மேலும் கீழும் போகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கேறிவிடும். 350 மி.மீ. நீள ஆர்ம், 80 மி.மீ. தொங்கல் என்று வைத்துக்கொண்டால் முறுக்கு ஏறக்குறைய 13 டிகிரி. வண்டி சற்று உயர்ந்தே நிற்கும், சிறு மேடுகளில் விறைப்பாக இருக்கும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். செய்ய வேண்டியது எளிது. எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி விட்டு, சக்கரம் மாட்டும் ஹப்பின் கீழ் ஜாக் வைத்து, குறித்து வைத்த உயரம் வரும்வரை ஏற்றி, அதன்பின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். உயரத்தைக் குறைப்பதாக இருந்தால் புதிய உயரத்தில் வைத்து இறுக்க வேண்டும். ஒரு வருடத்தில் புஷ் கிழிந்தால் பழி எப்போதும் பாகத்தின் மேல்தான் விழுகிறது. காரணம் பெரும்பாலும் ஸ்பேனர்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆன்டி ரோல் பாரைப் பிடிக்கும் புஷ்ஷுக்கு நல்லது. ஒரே அச்சில் மடங்கும் ஆர்முக்கும் பரவாயில்லை. ஆனால் பாலி முறுகிக் கொடுக்காது, உள் குழாயைச் சுற்றிச் சுழன்றாக வேண்டும். அதனால் சிலிகான் கிரீஸ் இல்லாமல் போட்டால் கிறீச்சிடும். பல திசைகளில் வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டால் சஸ்பென்ஷனே பிடித்துக்கொள்ளும். 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் பின் ஆக்சிலைக் கோணலாக அமைந்த நான்கு ஆர்ம்கள் பிடிக்கின்றன. வண்டி சாயும்போது அந்த ஆர்ம்களின் புஷ் நெளிந்து கொடுத்தால்தான் ஆக்சில் அசையும். நான்கிலும் கடினமான பாலி போட்டால் வளைவின் நடுவில் ஆக்சில் இறுகி, பின்பக்கம் சட்டென்று வழுக்கும். சாலைக்கு, தயாரிப்பாளர் தரும் புது ரப்பரே முக்கால்வாசி இடங்களில் போதும் என்பது என் கருத்து.

இனி ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் கடினத்தை அப்படியே சக்கரத்தின் கடினமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் அசையும் தூரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அசைகிறது என்ற விகிதத்தை வர்க்கமாக்கிப் பெருக்க வேண்டும். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 250 கிலோ, ஸ்பிரிங்கின் கடினம் மி.மீ.க்கு 30 நியூட்டன், விகிதம் 0.7 என்றால் சக்கரத்தில் கிடைப்பது மி.மீ.க்கு 14.7 நியூட்டன் மட்டுமே. இதன் இயல்பு அதிர்வு, அதாவது வண்டி தானாக ஏறி இறங்கும் வேகம், நொடிக்கு ஏறக்குறைய 1.2 முறை. சாலைக் காருக்கு இது இதமான எண். ஸ்பிரிங்கை இரு மடங்காக்கினால் 1.7 ஆகும். வழவழப்பான சாலையில் அது சுகம்தான், ஒட்டுப்போட்ட சாலையிலோ டயர் தரையை விட்டுத் துள்ளத் தொடங்கும். 30 சதவீதம் கூட்டினால் 1.4-க்குள் நிற்கும். சாலைக்கு அதற்குமேல் போகத் தேவை அரிது. பின்பக்க எண் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால், மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடாது. முன்பக்கத்தை மட்டும் கடினமாக்குகிறவர்கள் இந்தச் சமநிலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கட்டுரை சொன்ன 40 மி.மீ. இறக்கத்தில் உண்மையான ஆபத்து, சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் தூரத்தில்தான். பல பழைய கார்களில் நின்ற நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் (அசைவின் எல்லையில் இடியைத் தாங்கும் ரப்பர் தடுப்பு) தொடும்வரை உள்ள தூரமே 60, 70 மி.மீ. தான். அதில் 40 போனால் மிச்சம் என்ன? தூரம் பாதியானால் அதே இடியை விழுங்க 4 மடங்கு கடினமான ஸ்பிரிங் வேண்டும், ஏனெனில் ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இறக்கும் ஸ்பிரிங்குகள் அவ்வளவு கடினமாக வருவதில்லை, வரவும் கூடாது. ஆகவே வண்டி பம்ப் ஸ்டாப்பின் மேலேயே சவாரி செய்யும். வளைவில் முன்பக்கம் அதில் மோதினால் ஸ்டீயரிங்குக்கு வண்டி திரும்பாது. பின்பக்கம் மோதினால் பின்புறம் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஷாக் ராடைச் சுற்றி, கையால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, ஷாக்கின் உடல்மேல் உட்காரும்படி தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள். அசைவு எட்டிய எல்லையில் டை நின்றிருக்கும். பம்ப் ஸ்டாப்பையே அது தொட்டிருந்தால் இறக்குவதற்கு இடமே இல்லை என்று பொருள். பம்ப் ஸ்டாப்பை அறுத்துத் தூரம் உண்டாக்குவது சிலர் வழக்கம். ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் இடிப்பதில் போய் அது முடியும்.

மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள முன்பக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும் அளவுக்கு வண்டியை இறக்கினால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்குவதைவிட அதிகமாக இறங்கும். இறக்கிய வண்டி முன்னைவிட அதிகம் சாய முற்படும் விந்தை அப்படித்தான் நடக்கிறது. டை ராடின் கோணமும் மாறுவதால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகவே திரும்பும். பிஎம்டபிள்யூ இ30-இன் பின்பக்கத்தில் கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) திருத்த, தொழிற்சாலை வைத்த திருகு எதுவும் இல்லை. இறக்கினால் டயரின் உள் ஓரம் தேயும், அவ்வளவுதான். போர்ஷே 944-இல் பின்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார்தான். முன்பக்கத்துக்கு மட்டும் ஸ்பிரிங் வாங்கி மாட்டினால் வண்டி மூக்கு குத்தி நிற்கும். இறக்கியே தீர வேண்டும் என்றால் 15 முதல் 20 மி.மீ. போதும்.

ஷாக் அப்சார்பரைக் கசிவை வைத்து முடிவு செய்வது தவறு. எண்ணெய் சொட்டாமலே உள்ளே வால்வுகள் தளர்ந்திருக்கும். ஃபெண்டரை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை, முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டும். தேவையான டேம்பிங் (துள்ளலை அடக்கும் விசை), ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. ஸ்பிரிங் 30 சதவீதம் கூடினால் டேம்பிங் 14 சதவீதம் கூட வேண்டும். நல்ல தரமான புது ஷாக் அதைச் சமாளிக்கும். பழையது சமாளிக்காது. திருகி மாற்றும் வகை ஷாக் வாங்குவோர் கடைசி 'கிளிக்' வரை இறுக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். மேலெழும் அசைவை அளவுக்கு மீறித் தடுத்தால், அடுத்தடுத்து மேடுகள் வரும்போது ஸ்பிரிங் நிமிர நேரம் கிடைக்காமல் வண்டி படிப்படியாக உட்கார்ந்துகொண்டே போகும். மிகத் தளர்ந்த நிலையில் தொடங்கி, துள்ளல் நிற்கும் வரை மட்டும் ஏற்றுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இரண்டையும் நேர் எதிரெதிரே பொருத்தி, மாறி மாறிச் சில சுற்றுகளாகத் திருக வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்கின் நுனிக்கு நேரே முகத்தை நீட்டக் கூடாது. ராடின் மேல் நட்டை ஏர் கன்னால் இறுக்கினால் ராடும் சேர்ந்து சுழன்று சீல் கெடும். ராடைப் பிளையரால் பிடிப்பது இன்னும் மோசம். குரோமில் விழும் ஒரு கீறல் ஒவ்வோர் அசைவிலும் சீலை அறுக்கும். நைலான் வளையமுள்ள நட்டுகளை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

ஆன்டி ரோல் பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 22 மி.மீ. பாரை 24 ஆக்கினாலே 42 சதவீதம் கூடிவிடும். பின்பக்கத்தில் மட்டும் தடிமனைக் கூட்டாதீர்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கி அது முதலில் பழிவாங்கும்.

கடைசியாக அலைன்மென்ட். கட்டுரை விட்டுவிட்டது இதைத்தான், வண்டியின் குணம் முடிவாவதும் இங்கேதான். 1989-இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-இல் நான்கு சக்கரத்துக்கும் கோணத்தைத் திருத்தும் கேம் போல்ட்டுகள் (திருப்பினால் ஆர்மைச் சற்று நகர்த்தும் போல்ட்டுகள்) உண்டு. ஆனால் அவை புஷ்ஷின் உள் குழாயோடு துருவேறி ஒட்டிப்போயிருக்கும். போல்ட்டைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்பி ரப்பர் மட்டும் முறுகும். அளவு மாறியதாகத் தோன்றும், ரெஞ்சை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். பல நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்துப் புதிது போடுவதே வழி. புது போல்ட்டின் தண்டில் கிரீஸ் தடவலாம், மரையில் கூடாது. மரை வழுக்கினால் டார்க் கணக்கு தப்பும்.

பின்சக்கர ஓட்ட வண்டிக்குத் தொடக்க அளவாக முன் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, முன் டோ பூஜ்யம் அல்லது மொத்தம் 1 மி.மீ. உள்நோக்கி, பின் டோ மொத்தம் 2 மி.மீ. உள்நோக்கி என்று வைக்கலாம். இட வல வித்தியாசம் கால் டிகிரியைத் தாண்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரம் வைத்து, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டியபின் அளக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் அமரும், எனவே அப்போது ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும். உயரம் மாறினால் ஹெட்லைட் வெளிச்சத்தின் கோணமும் மாறும், அதையும் கூடவே திருத்திவிடலாம்.

ஷாக் கசியாவிட்டால் அப்படியே விடலாம் என்ற வரியையும் 40 மி.மீ. என்ற அளவையும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகும் வாசகர்களும் உண்டு.

இப்படிக்கு,
வாகனப் பக்கத்தின் வாசகர்