எட்டுத் தேரும் ஒரு சக்கரமும்

காவேரிப்பட்டணம்,
வைகாசி மாதம்.

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, பேசச் சொன்னால் நான் விழிப்பேன், எழுதச் சொன்னால் சுவர் கொள்ளாமல் எழுதுவேன்.

"ஒண்ணுமே வரமாட்டேங்குதுப்பா. டேப்லெட்டைத் திறந்தா வெள்ளையா இருக்கு, மூடிடறேன்" என்றாய். சந்தையைப் பற்றிய குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைய வேண்டும், முதல் பக்கமே நகரவில்லை என்றாய். சரி. வெள்ளையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் பிழைப்பே வெள்ளைச் சுவரோடுதான்.

போர்டு எழுதுகிற எவனும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். சுண்ணாம்பு காய்ந்ததும் முதல் வேலை நூல் அடிப்பது. நூலில் நீலப்பொடியைத் தடவி, ஒரு முனையைப் பையன் பிடிக்க, மறு முனையை நான் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் பட்டென்று ஒரு கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அப்புறம் எழுத்துக்கு இடம் பிரித்துச் சாக்பீஸில் கட்டம். இதில் கற்பனை என்று ஒரு பொட்டும் கிடையாது. ஆனால் கோடு விழுந்துவிட்டால் அது வெள்ளைச் சுவர் இல்லை, பாதியில் நிற்கிற வேலை. பாதி வேலையைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலில் கை ஓடிவிடும். நீயும் டேப்பைத் திறந்ததும் ஓரம் விடு, பக்கத்தை நாலாகப் பிரி, எழுத்து வருகிற இடத்தில் எதையாவது கிறுக்கி அடைத்து வை. யோசனையெல்லாம் அதற்கு அப்புறம்.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுக்கிற படம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? நீதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தருமபுரிதானே அன்றைக்கு அதியமான் ஆண்ட தகடூர், அதனால் இந்தப் பக்கத்தில் அந்தப் படத்தை நான் போட்ட பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே இருந்த தமிழையா, படத்துக்குக் கீழே ஔவை அதியமானைப் பாடிய புறநானூற்றுப் பாட்டையும் எழுதச் சொன்னார். 87ஆம் பாட்டு, நாலே வரி. 'எதிரிகளே, களத்துக்குள் வந்துவிடாதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன், ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவன்' என்பது பொருள். தமிழையா அந்த ஒரு மாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பொறுமை, உழைப்பு, இப்படி. எனக்கோ கண் போனதெல்லாம் எட்டுத் தேரின்மேல். தினம் எட்டுத் தேர் செய்து பழகிய கையாக இருக்கப்போய்த்தான் ஒரு மாதச் சக்கரத்துக்கு அந்த மதிப்பு. சும்மா இருந்தவன் ஒரு மாதம் உட்கார்ந்தால் முதுகுவலிதான் மிச்சம்.

நீ எடுத்த எடுப்பில் சக்கரத்துக்கு உட்காருகிறாய் கயல். எட்டுத் தேர் எங்கே? காலேஜ் படிக்கும்போது பஸ்ஸில் எதிர்சீட்டில் தூங்குகிறவர்களை எல்லாம் டிக்கெட்டுக்குப் பின்னால்கூட வரைந்து வைப்பாய். இப்போது காசு வராத கோடு ஒன்றாவது போடுகிறாயா?

அதே ஔவை இன்னொரு பாட்டில் அதியமானை, வீட்டு இறவாரத்தில் செருகி வைத்த தீக்கடைகோல், அதாவது கடைந்து நெருப்பு உண்டாக்குகிற குச்சி, என்கிறாள். இருக்கிற இடமே தெரியாது, வேண்டும்போது நெருப்பு. வேறொரு பாட்டில், ஊர்ப்பிள்ளைகள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவ, ஆற்றுத்துறையில் சாதுவாகக் கிடக்கிற யானை. அரசனைப் பாட வந்தவளுக்குச் சரக்கு கிடைத்ததெல்லாம் தச்சன் பட்டறை, கூரை ஓரம், குளிக்கிற துறை. அரண்மனைக்குள்ளே எதையும் தேடவில்லை பார்.

மாங்காய் மண்டிக் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனோ இல்லையோ. பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் சீசனுக்குச் சீசன் மண்டி போர்டுகள் எனக்கு வரும். மாங்காய் என்றால் எல்லோரும் ஒரே மாங்காய்தான் போடுவோம், புடவைக் கரையில் இருக்குமே அது. ஒரு மண்டிக்காரர் மட்டும், "பெங்களூராவும் செந்தூராவும் நீலமும் தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குத் தனித்தனியாகத் தெரியணும்" என்று நிபந்தனை போட்டார். மூன்றும் மாங்காய் ரகம். குவியலுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். பெங்களூராவுக்கு நுனியில் கிளி மூக்கு மாதிரி ஒரு கொக்கி உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்தது. செந்தூராவுக்குக் காம்புப் பக்கத்துத் தோளில் சிவப்பு, அதுவும் வெயில் பட்ட பக்கம் கூடுதல். நீலம் சின்னது, கடைசியில்தான் வரும். இதெல்லாம் வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்கு மேலும் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் இன்னொன்று தென்பட்டது. காம்பு ஒடிந்த இடத்தில் பால் வடிந்து, தோலின்மேல் இறங்கி, காய்ந்து, கருப்பாக ஒரு தாரை. அநேகமாக எல்லாக் காயிலும் அது இருந்தது, ஒன்றைப் போல ஒன்று இல்லை. சில காயில் நேராக இறங்கி, சிலதில் பாதியில் திரும்பி. போர்டில் அந்தத் தாரையைப் போட்டேன். பார்த்த லோடுமேன் ஒருவர், "இது நம்ம காய்ப்பா" என்றார். எனக்கு அன்றைக்குக் கூலியைவிட அது பெரிதாக இருந்தது.

நீ நாளெல்லாம் பின்டரஸ்டில் அடுத்தவர் வரைந்த சந்தைகளைப் பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது. அவர்கள் எதைப் பார்த்து வரைந்தார்களோ, அது உன் தெருவிலும் கூடையோடு உட்கார்ந்திருக்கிறது. தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற புளி, கொத்தமல்லிக் கட்டின்மேல் போட்ட ஈரச்சாக்கு, சில்லறையை எங்கே வைக்கிறார்கள் என்பது. போய் நில். படத்துக்காக என்று போகாதே, வெண்டைக்காய் வாங்கப் போ.

நம் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கு இது பாலபாடம். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனனும் துரியோதனனும் என்ன பேச வேண்டும் என்பது எப்போதோ முடிவான கதை. கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரனுக்கு அப்படி இல்லை, விடிய விடியச் சிரிக்க வைக்க வேண்டும், அதுவும் ஊருக்கு ஊர். எனக்குத் தெரிந்த ஒரு கட்டியங்காரர் மத்தியானமே ஊருக்குள் வந்துவிடுவார். டீக்கடையில் ஓரமாக உட்காருவார். வாயே திறக்கமாட்டார். எந்தத் தெருவில் பைப் தண்ணீர் வரவில்லை, எவன் புது வண்டி வாங்கி வேலியில் விட்டான், எந்த மாமனுக்கும் மச்சானுக்கும் வரப்புத் தகராறு என்று எல்லாம் காதில் விழும். ராத்திரி கௌரவர் சபையில் அந்த வண்டி வந்து நிற்கும். வண்டிக்காரனே விழுந்து விழுந்து சிரிப்பான். "உங்களுக்கு மட்டும் எப்படிங்கண்ணா வத்தாம வருது?" என்று ஒருதடவை கேட்டேன். "என்கிட்ட என்ன இருக்கு வத்துறதுக்கு? எல்லாம் அவங்க ஊர்ல இருக்கு" என்றார்.

ஒகேனக்கல் போய் வந்தால் மனசு தெளியும் என்று உன் சிநேகிதி சொன்னதாகச் சொன்னாய். போ, பரிசல் ஏறு, மீன் தின்னு, எண்ணெய் தேய்த்துக் குளி. உடம்புக்கு நல்லது. படத்துக்கு என்ன கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம். அருவிக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்தான் பிளக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்பேன்.

இன்னொன்று, வேலை போய்விடுமோ என்ற பயமும் உனக்குள் இருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. பிளெக்ஸ் வந்தபோது எனக்கும் அதுதான். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, 'தருமபுரி மாவட்டம்' என்றிருந்த போர்டுகளை எல்லாம் அழித்து எழுதுகிற வேலை கொஞ்ச காலம் ஓடியது. அதற்கப்புறம் லாரி நம்பர், கோயில் தூண், பள்ளிக்கூடச் சுவர். பயம் போகவில்லை, அது ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். பயம் தீர்ந்த பிறகு வரையலாம் என்று மட்டும் காத்திருக்காதே. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் விழித்திருப்பதை விடு. தூங்காத கண்ணுக்கு எதுவும் புதிதாகத் தெரியாது.

வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் படுகளம், பாரதக் கூத்தில் துரியோதனன் சாகிற நாள். பெரிய துரியோதனனைத் தரையில் மண்ணாலேயே செய்து போடுவார்கள், சாயங்காலத்துக்குள் மிதிபட்டுப் போய்விடும். முடிந்தால் முந்தின ராத்திரியே பஸ் ஏறி வா, செய்வதையும் பார்க்கலாம். அம்மா நிப்பட்டு சுட்டு வைத்திருக்கிறாள். வரும்போது எனக்குத் தட்டை பிரஷ், ஒரு அங்குலம், இரண்டு வாங்கி வா. இங்கே கிடைக்கிறது முடி கொட்டுகிறது.

அன்புடன்,
அப்பா